சம்பளப் பட்டியலும் பட்ஜெட்டும்: அரசு ஊழியர் ஊதியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு அரசு, மத்திய அரசு இரண்டின் ஊதிய முறைகளும் இங்கே வருகின்றன. மாநில பட்ஜெட் எண்கள் 2025-26 மதிப்பீடுகள். அகவிலைப்படி என்பது விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்ட அடிப்படை ஊதியத்தின் மேல் சதவீதமாகத் தருவது. வேறு தேதி சொல்லாத அகவிலைப்படிக் கணக்குகள் எல்லாம் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 58 சதவீதத்தை வைத்துப் போட்டவை.

அரசின் வருமானம் முழுக்கச் சம்பளத்துக்கே போய்விடுகிறதாமே?

இல்லை. ஆனால் எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். தமிழ்நாட்டில் 2025-26க்குச் சம்பளம் ஏறத்தாழ 90,000 கோடி ரூபாய், ஓய்வூதியம் ஏறத்தாழ 41,000 கோடி. சேர்த்தால் 1.3 லட்சம் கோடி. மொத்த வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. அதனோடு ஒப்பிட்டால் 35 சதவீதம். மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி. அதனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 40 சதவீதம். மாநிலம் தானே வசூலிக்கும் வரி மட்டும் ஏறத்தாழ 2.2 லட்சம் கோடி. அதனோடு ஒப்பிட்டால் 60 சதவீதம்.

மூன்றும் சரியான கணக்குதான். சங்கத்து மேடையில் முதலாவதைச் சொல்வார்கள், 'ஊழியர்களே தின்றுவிடுகிறார்கள்' என்பவர்கள் மூன்றாவதைச் சொல்வார்கள். சதவீதம் காதில் விழுந்ததும் 'எதில்?' என்று கேட்டுவிடுங்கள். எங்களைக் கேட்டால் வருவாய் வரவோடு ஒப்பிடுவதே நியாயம், கடன் வாங்காமல் கைக்கு வருகிற பணம் அதுதான். அந்த அளவுகோலில் சுமார் 70,000 கோடி வட்டியையும் சேர்த்தால், வருகிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் 61 ரூபாய் ஆண்டு தொடங்கும் முன்பே கணக்கு எழுதப்பட்ட பணம்.

'சம்பளம்' என்ற தலைப்பில் யாருடைய சம்பளமெல்லாம் வருகிறது?

அரசுத் துறைகளில் நேரடியாகப் பணிபுரிகிறவர்களுடையது. அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கும் கருவூலம் வழியாகத்தான் பணம் போகிறது, ஆனால் அது உதவி மானியம் என்ற பெயரில் போகிறது. பல்கலைக்கழகங்களும் அப்படியே. போக்குவரத்துக் கழக ஓட்டுநரும் மின்வாரியக் கம்பியாளரும் அந்தந்த நிறுவனத்தின் ஊழியர்கள். அந்த நிறுவனம் நட்டத்தில் ஓடி அரசு கைகொடுத்தால் அது மானியமாகவோ கடனாகவோ பட்ஜெட்டில் தலைகாட்டும்.

வெளிமுகமை மூலம் எடுக்கும் தூய்மைப் பணியாளர், கணினி இயக்குபவர், காவலாளி ஆகியோருக்கான தொகை ஒப்பந்தச் செலவில் போய்விடும். ஒரு துறையின் சம்பளச் செலவு திடீரென இறங்கினால் உடனே சிக்கனம் என்று எண்ண வேண்டாம். பணியிடம் காலியாகவே கிடந்திருக்கும், அல்லது அதே ஆள் அதே நாற்காலியில் குறைந்த கூலிக்கு வேறு தலைப்பின் கீழ் உட்கார்ந்திருப்பார்.

ஏழாவது ஊதியக் குழுவில் 2.57 மடங்கு என்றார்களே, சம்பளம் இரண்டரை மடங்கானதா?

இந்த ஒரு எண்ணைப் போலத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது வேறில்லை. 2.57 என்பது பழைய அடிப்படை ஊதியத்தைப் பெருக்குவதற்கான காரணி. அப்படிப் பெருக்கும்போது அதுவரை தனியாக வந்துகொண்டிருந்த அகவிலைப்படி அதற்குள் கரைந்துவிடும்.

2016 ஜனவரி 1 அன்று அகவிலைப்படி 125 சதவீதம். பழைய ஊதியம் (பதவியின் தரத்துக்கேற்ப அடிப்படையோடு சேரும் தர ஊதியம் உட்பட) 10,000 ரூபாய் வாங்கியவர் அகவிலைப்படி 12,500 சேர்த்து 22,500 வாங்கிக்கொண்டிருந்தார். புதிய ஊதியம் 25,700, அன்றைய அகவிலைப்படி பூஜ்யம். கையில் கூடியது 3,200 ரூபாய், அதாவது 14.2 சதவீதம். 157 சதவீதம் அல்ல.

மேல்நிலைப் பதவிகளின் தொடக்க ஊதியத்துக்குக் காரணி சற்றுக் கூடுதல். மத்திய அரசின் 10ஆம் நிலையில் பழைய 21,000 ரூபாய் 2.67ஆல் பெருக்கப்பட்டு 56,100 ஆனது. தமிழ்நாட்டில் துணை ஆட்சியரின் தொடக்க ஊதியமும் அதே 56,100தான்.

அப்படியானால் எட்டாவது ஊதியக் குழுவில் எவ்வளவு கூடும்?

குழுவின் தலைவர் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய். ஆய்வு வரம்புகளுக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, அறிக்கைக்கு 18 மாத அவகாசம் கொடுத்தது. வாட்ஸப்பில் சுற்றும் எந்தக் காரணியையும் நீங்களே சோதித்துக்கொள்ளலாம்: காரணியை, அது நடைமுறைக்கு வரும் நாளில் உள்ள அகவிலைப்படியோடு ஒன்றைக் கூட்டி வகுங்கள். உதாரணத்துக்கு 1.92 என்று யாரோ சொன்னால், 58 சதவீதத்தில் 1.92 ÷ 1.58 = 1.215. உண்மையான உயர்வு இருபத்தொன்றரை சதவீதம். அகவிலைப்படி இன்னொரு தவணை ஏறினால் அதே காரணியில் உயர்வு சுருங்கும்.

காரணி ஒன்றுதானே, பிறகு ஏன் மத்தியில் குறைந்தபட்ச ஊதியம் 18,000, தமிழ்நாட்டில் 15,700?

அடித்தளம் வேறு. மத்திய அரசில் பழைய குறைந்தபட்சம் 5,200 + 1,800 = 7,000. தமிழ்நாட்டில் 4,800 + 1,300 = 6,100. இரண்டையும் 2.57ஆல் பெருக்கிப் பாருங்கள்: 17,990, 15,677. நூறுக்கு முழுமையாக்கியதும் 18,000, 15,700.

பழைய கோணல் புதிய அட்டவணைக்கும் அப்படியே வந்து சேரும் என்பதற்கு இடைநிலை ஆசிரியர் பிரச்சினை இன்னொரு சாட்சி. 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்தவருக்கும் பின் சேர்ந்தவருக்கும் அன்றைய அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் வேறுபாடு. காரணியால் பெருக்கியபோது அந்த இடைவெளியும் பெருகியது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' போராட்டத்தின் வேர் இதுதான்.

அகவிலைப்படியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து. படிகள் இவை:

கடைசி 12 மாதங்களின் குறியீட்டெண் சராசரியை எடுங்கள். ஜனவரித் தவணைக்கு டிசம்பர் வரை, ஜூலைத் தவணைக்கு ஜூன் வரை. இப்போதைய எண்கள் 2016 = 100 என்ற அடிப்படையில் வருவதால் 2.88ஆல் பெருக்கிப் பழைய 2001 அடிப்படைக்கு மாற்றுங்கள். 261.42ஐக் கழித்து, அதே 261.42ஆல் வகுத்து, நூறால் பெருக்குங்கள்.

சராசரி 144 என்று வைத்துக்கொள்வோம். 144 × 2.88 = 414.72. கழித்தால் 153.30. வகுத்துப் பெருக்கினால் 58.64. புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடுவார்கள், 58.64 ஆனாலும் 58.99 ஆனாலும் கிடைப்பது 58தான். வெட்டிய பின்னம் வீணாவதில்லை. அடுத்த தவணை மறுபடி முதலிலிருந்து கணக்கிடப்படுவதால் அது அதில் தானாக வந்துவிடும்.

அடிக்கடி நேரும் பிழை, 2.88ஆல் பெருக்க மறப்பது. விடை மைனஸில் வந்தால் அதுதான் காரணம்.

3 சதவீத அகவிலைப்படி உயர்வு அரசுக்கு எவ்வளவு செலவு?

2025 ஜூலைத் தவணையை (55லிருந்து 58) தமிழ்நாடு அரசு அறிவித்தபோது சொன்ன கூடுதல் செலவு ஆண்டுக்கு 1,829 கோடி ரூபாய். மூன்றால் வகுத்தால் ஒரு சதவீதத்துக்கு 610 கோடி.

இந்த 610ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு பல கணக்குகளுக்கும் உதவும். ஒரு சதவீதம் 610 கோடி என்றால், அகவிலைப்படி எதன் மேல் ஏறுகிறதோ அந்த அடிப்படை ஊதியமும் அடிப்படை ஓய்வூதியமும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 61,000 கோடி. ஆகவே, 'அடிப்படை ஊதியத்தை 10 சதவீதம் உயர்த்து' என்ற கோரிக்கையின் விலை 6,100 கோடி அல்ல. அதன் மேல் 58 சதவீத அகவிலைப்படியும் ஏறி 9,600 கோடியைத் தாண்டும். அகவிலைப்படி உயர்வு அடுத்த ஆண்டு உயர்வுக்கு அடித்தளம் ஆவதில்லை. அடிப்படை ஊதிய உயர்வோ ஆண்டு ஊதிய உயர்வு, அகவிலைப்படி, பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாவற்றையும் தன்னோடு இழுத்துச் செல்லும். நிதித்துறை முன்னதற்கு எளிதாகவும் பின்னதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டும் சம்மதிப்பது இதனால்தான்.

வீட்டு வாடகைப்படியில் ஒரு வேறுபாடு உண்டு. மத்திய அரசில் அது அடிப்படை ஊதியத்தின் சதவீதம். தொடக்கத்தில் நகர வகைக்கேற்ப 24, 16, 8. அகவிலைப்படி 50 சதவீதத்தை எட்டியபின் 30, 20, 10. தமிழ்நாட்டில் ஊதிய அடுக்குக்கும் ஊருக்கும் ஏற்ப நிலையான ரூபாய்த் தொகை. அகவிலைப்படி ஏறினாலும் அது அசையாது.

'கருத்தியலாக' ஒரு தேதி, 'பணப்பயனாக' இன்னொரு தேதி என்று அரசாணையில் வருகிறதே, ஏன்?

அரசாணையில் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான். தமிழ்நாட்டில் ஏழாவது ஊதியக் குழுவின் பலன் 2016 ஜனவரி 1 முதல் கருத்தியலாகவும் 2017 அக்டோபர் 1 முதல் பணமாகவும் வந்தது. அதாவது, ஊதியம் 2016லேயே உயர்ந்ததாகக் கணக்கில் எழுதி, இடையில் வந்த ஆண்டு உயர்வுகளையும் சேர்த்துக்கொண்டே வந்து, 21 மாத நிலுவையை மட்டும் கொடுக்காமல் விட்டார்கள். அட்டவணையில் ஊழியருக்கு இடம் பறிபோகவில்லை, பை நிறையவில்லை.

அகவிலைப்படி முடக்கமும் இதே வகை. கொரோனா காலத்தில் 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன. மத்திய அரசு 2021 ஜூலை 1 முதல் 17லிருந்து 28ஆகவும், பிறகு அதே தேதியிலிருந்து 31ஆகவும் உயர்த்தியது. தமிழ்நாடு 17லிருந்து 31க்குப் போனது 2022 ஜனவரி 1 முதல். அடிப்படை ஊதியம் 36,400 வாங்கிய பட்டதாரி ஆசிரியருக்கு அந்த ஆறு மாத இடைவெளியில் போனது மாதம் 5,096 வீதம் 30,576 ரூபாய்.

உயர்வைத் 'தர மறுத்தால்' போராட்டம் வெடிக்கும். தேதியைத் தள்ளினால் முணுமுணுப்போடு முடியும். செலவைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் தேதியைப் போலக் கூர்மையானது வேறில்லை.

ஊதியக் குழுவின் செலவு பணியில் உள்ளவர்களால்தானே?

பாதிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். 2017இல் தமிழ்நாடு அறிவித்த கூடுதல் செலவு ஆண்டுக்கு 14,719 கோடி. அதில் பணியில் உள்ளோருக்கு 8,016 கோடி, ஓய்வூதியர்களுக்கு 6,703 கோடி.

2003க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தானே? பிறகும் ஓய்வூதியச் செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

இன்று ஓய்வு பெறுகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் சேர்ந்தவர்கள். 2003 ஏப்ரல் 1 அன்று 28 வயதில் சேர்ந்தவர் 60 வயதில் ஓய்வு பெறுவது 2035இல். 2025 நிலவரப்படி அரசு இரண்டு பக்கமும் கட்டியது: பழையவர்களின் ஓய்வூதியம் ஒருபுறம், புதியவர்களுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதப் பங்களிப்பு மறுபுறம். அடிப்படை ஊதியம் 19,500 உள்ள இளநிலை உதவியாளருக்கு அகவிலைப்படி 11,310. இரண்டும் சேர்ந்த 30,810இல் அவர் பிடித்தம் 3,081, அரசின் பங்கும் அதே 3,081.

மத்திய அரசின் பங்கு 2019 ஏப்ரல் முதல் 14 சதவீதம். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் 18.5 சதவீதம், 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி ஓய்வூதியமாக உறுதி.

பங்களிப்பு இல்லாமல் அரசே ஓய்வூதியம் தரும் பழைய முறைக்கே திரும்பினால் அரசின் பங்களிப்பு மிச்சமாகி முதல் சில ஆண்டுகளில் பட்ஜெட் அழகாகத் தெரியும். பில் வருவது அடுத்த தலைமுறை நிதியமைச்சருக்கு.

ஓய்வு வயதை 58லிருந்து 60 ஆக்கியதில் அரசுக்கு லாபமா?

2020 மே மாதம் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. கிடைத்தது லாபமல்ல, அவகாசம். அடிப்படை ஊதியம் 70,000 வாங்கும் ஒருவர் 58 சதவீத அகவிலைப்படியோடு ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். மாதம் 1,10,600. முழுப் பணிக்காலத்துக்குப் பணிக்கொடை அதைப் போல பதினாறரை மடங்கு: 18,24,900. 240 நாள் ஈட்டிய விடுப்புக்கு எட்டு மாதம்: 8,84,800. ஓய்வூதியத்தில் மூன்றிலொரு பங்கை முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெறுவது இதற்கு மேல். தொகுப்புத் தொகை இல்லாமலே ஒருவருக்கு 27 லட்சம். ஒரே மாதத்தில் ஆயிரம் பேர் போனால் 271 கோடி.

இதைத் தள்ளிப்போட்டால் அந்த ஆண்டு மூச்சு விடலாம். ஆனால் தள்ளிப்போன காலத்தில் புதியவரைவிடக் கூடிய ஊதியம் வாங்கும் மூத்தவருக்கு முழுச் சம்பளம் தர வேண்டும், வேலைக்குக் காத்திருப்போர் வரிசையும் நகராது. வருங்கால வைப்பு நிதி இந்தக் கணக்கில் சேராது. அது ஊழியரின் சொந்தப் பணம், அரசின் பொதுக் கணக்கில் கிடப்பது.

பதவி உயர்வில் ஊதிய நிர்ணயம்: எந்தத் தேதியைத் தேர்ந்தெடுப்பது?

மத்திய அரசு அட்டவணையில் ஒரு கணக்கு. 4ஆம் நிலையில் 28,700 வாங்குபவருக்கு ஏப்ரல் 1 அன்று 5ஆம் நிலைக்குப் பதவி உயர்வு. அடுத்த ஆண்டு உயர்வு ஜூலை 1.

பதவி உயர்வு நாளிலேயே நிர்ணயித்தால்: பழைய நிலையில் ஓர் உயர்வு கொடுத்து 29,600, புதிய நிலையில் அதற்குச் சமமான அல்லது அடுத்த கட்டம் 30,100. ஏப்ரல் முதல் அதுதான்.

ஜூலை 1க்கு விருப்பம் கொடுத்தால்: ஏப்ரல் முதல் ஜூன் வரை புதிய நிலையின் அடுத்த கட்டமான 29,200 மட்டும். ஜூலையில் பழைய நிலையில் இரண்டு உயர்வு (29,600, 30,500), அதற்கு மேல் புதிய நிலையில் 31,000.

மூன்று மாதம் 900 வீதம் 2,700 இழப்பு. ஜூலையிலிருந்து மாதம் 900 கூடுதல். செப்டம்பரோடு சரியாகிவிடும், பிறகெல்லாம் ஆதாயம். விருப்பம் தர ஒரு மாதமே அவகாசம். கோப்பு மேசையில் தூங்கி அந்த மாதம் கழிந்துபோவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள், பணிப்பதிவேட்டில் பதிவானதா என்றும் பாருங்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டு உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு காலாண்டுகளில் வரும். அதனால் இரு தேதிகளுக்கும் இடைவெளி எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தவறாகக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று தணிக்கையில் பிடித்தம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

2014 டிசம்பரில் பஞ்சாப் மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சில இடங்களில் பிடிக்கக் கூடாது என்றது: சி, டி பிரிவு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவந்த தொகை ஆகியவை அவற்றில் சில. ஆனால் 'கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்' என்று ஊதிய நிர்ணயத்தின்போது உறுதிமொழி எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று 2016இல் அதே நீதிமன்றம் சொன்னது. முதலில் பணிப்பதிவேட்டைப் புரட்டி அந்தக் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊழியர் கட்டும் வருமான வரி அரசுக்கே திரும்பிவிடுகிறதல்லவா?

மாநில ஊழியர் கட்டுவதும் மத்திய அரசுக்குத்தான் போகிறது. மத்திய வரிகளில் மாநிலங்களோடு பகிரும் தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு, அதில் 15ஆவது நிதிக்குழுவின்படி தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். நூறு ரூபாய் வரியில் திரும்பி வருவது இரண்டு ரூபாய்கூட இல்லை. தொழில் வரி உள்ளாட்சிக்குப் போகிறது, அதுவும் ஆண்டுக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு.

சம்பளச் செலவைக் குறைத்தால் சாலை, பாலம், அணைக்குப் பணம் மிஞ்சுமா?

மிஞ்சும் பணம் முதலில் போய் விழும் பள்ளம் வேறு. 2025-26இல் வருவாய்ப் பற்றாக்குறை (வருவாய் வரவை மிஞ்சும் அன்றாடச் செலவு) 41,635 கோடி, நிதிப் பற்றாக்குறை (கடன் வாங்கி நிரப்ப வேண்டிய மொத்த இடைவெளி) 1,06,963 கோடி. கடன் வாங்கும் நூறு ரூபாயில் 39 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போகிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்தால் அந்த 39 குறையும். பாலம் தானாக எழும்பாது. மதிப்பீடு போட இளநிலைப் பொறியாளர் இல்லாத கோட்டத்தில் ஒதுக்கிய மூலதனப் பணம் மார்ச் 31 அன்று ஒப்படைக்கப்படுவதும் நடக்கிறது.

கணக்குப் புத்தகம் பள்ளிக் கட்டடத்தை மூலதனம் என்கிறது, உள்ளே பாடம் நடத்துகிறவரின் ஊதியத்தை வருவாய்ச் செலவு என்கிறது. அது வகைப்பாடு, மதிப்பெண் அல்ல.

இந்த எண்களை நானே எங்கே சரிபார்ப்பது?

மாநில நிதித்துறை வெளியிடும் பட்ஜெட் ஆவணங்களில், மானியக் கோரிக்கைத் தொகுதிகளைத் திறவுங்கள். கணக்குத் தலைப்பு எண் தெரிந்தால் தேடுவது எளிது: பொதுக் கல்வி 2202, மருத்துவம் 2210, காவல் 2055, வட்டி 2049, ஓய்வூதியம் 2071. ஒவ்வொரு வரியிலும் நான்கு பத்திகள் இருக்கும்: இரண்டு ஆண்டுக்கு முந்தைய கணக்கு, சென்ற ஆண்டு மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, இந்த ஆண்டு மதிப்பீடு. உண்மையில் செலவானது முதல் பத்தி மட்டும். ஒரு துறையின் சம்பள வரியில் மதிப்பீடு ஆண்டுதோறும் கூடவும் கணக்கு ஆண்டுதோறும் அதைவிட வெகுவாகக் குறையவும் கண்டால், அந்தத் துறையில் எத்தனை நாற்காலிகள் காலி என்று ஒரு தகவல் உரிமை மனு போட்டுக் கேளுங்கள்.